மோட்டார் எஞ்சின் கணிப்பொறியும் அதனைத் திருத்தும் மென்பொருளும்: தேர்ந்தெடுக்கும் முறை பற்றிய ஒரு பாடம்

எஞ்சினுக்குள் எவ்வளவு பெட்ரோல் செல்லவேண்டும், எந்தக் கணத்தில் தீப்பொறி எழவேண்டும் என்னும் இரண்டு வினாக்களுக்கும் முற்காலத்தில் விடை கூறியவை கார்புரேட்டரும் டிஸ்ட்ரிபியூட்டரும் ஆகும். இன்று அவ்விரண்டின் இடத்தையும் ஒரு சிறு கணிப்பொறி பிடித்துக்கொண்டுள்ளது. அதனுள் எழுதப்பட்டுள்ள எண்களை வாசிக்கவும் மாற்றவும் பலவகை மென்பொருள்கள் கடைகளில் விற்கப்படுகின்றன; சில இலவசமாகவும் கிடைக்கின்றன. "ரீமேப் செய்தால் இழுவை கூடும், மைலேஜும் கூடும்" என்ற பேச்சு நகரங்களில் மட்டுமன்றிச் சிற்றூர்ப் பட்டறைகளிலும் கேட்கப்படுகிறது. வெளிக்களப் பணியாளர்கள் நாள்தோறும் வண்டியை நம்பி வாழ்பவர்கள். ஆசிரியர்களிடமோ மாணவர்கள் இதனைப் பற்றி வினவுகின்றனர். ஆகவே, இம்மென்பொருள்களின் வகைகள் யாவை, எதனை எவர் தேர்ந்தெடுக்கலாம், எதனைத் தொடவே கூடாது என்பனவற்றை முறையாக அறிந்துகொள்வது நலம்.

1. கணிப்பொறி எஞ்சினுக்கு வந்த வரலாறு

ஜெர்மனியின் பாஷ் நிறுவனம் 1967-இல் டி-ஜெட்ரானிக் என்ற மின்னணுப் பெட்ரோல் தெளிப்பு முறையை வோக்ஸ்வாகன் 1600 வண்டியில் பொருத்தி வெளியிட்டது. புகைக் குழாயில் எஞ்சியுள்ள பிராணவாயுவை அளந்து கூறும் லாம்டா உணரி 1976-இல் வோல்வோ வண்டிகளில் இடம்பெற்றது. பெட்ரோல் தெளிப்பு, தீப்பொறி நேரம் ஆகிய இரண்டினையும் ஒரே கணிப்பொறி ஆளும் மோட்ரானிக் முறை 1979-இல் வந்தது.

நம் நாட்டில் 1995-இல் டில்லி, மும்பை, கொல்கத்தா, சென்னை ஆகிய நான்கு பெருநகரங்களில் புதிய பெட்ரோல் கார்களுக்குக் கேட்டலிடிக் கன்வெர்ட்டர் கட்டாயமாயிற்று. 2000-ஆம் ஆண்டை ஒட்டி மாசு விதிகள் கடுமையாகவே, கார்களினின்றும் கார்புரேட்டர் படிப்படியாக மறைந்தது. பாரத் ஸ்டேஜ் 4 விதிகளுடன் 2010-இல் வண்டியே தன் பழுதைத் தானே கண்டறிந்து விளக்கெரித்துக் காட்டும் ஓ.பி.டி. முறையின் முதல் நிலையும், 2013-இல் இரண்டாம் நிலையும் வந்தன. 2020 ஏப்ரல் முதல் நாடெங்கும் பாரத் ஸ்டேஜ் 6 நடைமுறைக்கு வந்தது. கணிப்பொறி ஓர் அலங்காரப் பொருளன்று. மாசு விதிகளை நிறைவேற்றுவதற்காகவே அது நம் வண்டிகளுள் புகுந்தது என்பதனை இவ்வரலாறு காட்டும்.

2. கணிப்பொறி செய்யும் கணக்கு: மேல்கோட்டை மலை ஓர் உதாரணம்

கணிப்பொறியின் வேலையைப் புரிந்துகொள்ள ஒரு மலைப் பயணத்தை எடுத்துக்கொள்வோம். தமிழ் வைணவர்கள் திருநாராயணபுரம் என்று வழங்கும் மேல்கோட்டை, மைசூருக்கு வடக்கே ஏறக்குறைய 50 கிலோமீட்டர் தொலைவில் மலைமேல் அமைந்த ஊர். பங்குனியில் நடைபெறும் வைரமுடி சேவைக்குத் தமிழ்நாட்டிலிருந்தும் வண்டிகள் செல்கின்றன. கடல் மட்டத்திலுள்ள சென்னையில் புறப்படும் வண்டி, மலைமேல் சேரும்போது ஏறத்தாழ 1,000 மீட்டர் உயரத்தை அடைந்துவிடுகிறது.

சென்னையில் காற்றழுத்தம் ஏறக்குறைய 101 கிலோபாஸ்கல். 1,000 மீட்டர் உயரத்தில் அது ஏறக்குறைய 90 கிலோபாஸ்கல். பாரமானியின் பாதரசத்தால் கூறின், 760 மில்லிமீட்டர் 675-க்குக் குறைகிறது. அழுத்தம் குறைந்தால் ஒரே கன அளவில் அடங்கும் காற்றின் நிறையும் குறையும்.

நான்கு சிலிண்டர்கள் கொண்ட 1,200 கன செ.மீ. எஞ்சின் ஒன்றை எண்ணிக்கொள்க. ஒரு சிலிண்டரின் பங்கு 300 கன செ.மீ. அது ஒரு முறை மூச்சிழுக்கையில் 80 விழுக்காடே நிரம்புகிறது எனக் கொண்டால், உட்செல்லும் காற்று 240 கன செ.மீ. உஷ்ணநிலை 27 டிகிரி செல்சியஸ் ஆயின், சென்னையில் ஒரு கன செ.மீ. காற்றின் நிறை 1.18 மில்லிகிராம். எனவே காற்றின் நிறை 240 × 1.18 = 283 மில்லிகிராம். ஒரு பங்கு கலப்பற்ற பெட்ரோல் முழுமையாக எரிய 14.7 பங்கு காற்று வேண்டும். ஆகவே தேவையான பெட்ரோல் 283 ÷ 14.7 = 19.3 மில்லிகிராம். ஒரு மில்லி வினாடிக்கு 2.5 மில்லிகிராம் தெளிக்கும் இன்ஜெக்டர், 7.7 மில்லி வினாடி திறந்திருக்கவேண்டும். மலைமேலோ, அதே உஷ்ணநிலையில் காற்றின் நிறை 252 மில்லிகிராம், பெட்ரோல் 17.1 மில்லிகிராம், திறப்பு நேரம் 6.8 மில்லி வினாடி. (இன்ஜெக்டர் திறந்து மூடுவதற்கான சிறு கால இழப்பையும், முழு விசையில் வேண்டுமென்றே சற்றுக் கூடுதலாகப் பெட்ரோல் விடுவதையும் இங்கு விட்டுவிட்டோம்.)

கார்புரேட்டருக்கு இந்தக் கணக்குத் தெரியாது. காற்றின் வேகத்தைக் கொண்டு அது பெட்ரோலை இழுப்பதால், மேல்கோட்டை உயரத்தில் கலவை ஏறக்குறைய 6 விழுக்காடு செறிவாகிவிடும். அதனால்தான் பழைய வண்டிகள் மலையேறுகையில் திணறிக் கரும்புகை கக்கின. கணிப்பொறியோ, உள்ளிழுப்புக் குழாயிலுள்ள அழுத்த உணரியின் துணையால் ஒவ்வொரு சுழற்சிக்கும் புதிதாகக் கணக்கிட்டுக் கொள்கிறது.

இக்கணக்கிற்கு வேண்டிய எண்கள் ஒரு பெருக்கல் வாய்பாடு போன்ற அட்டவணையில் உள்ளன. குறுக்கே எஞ்சினின் வேகம். நெடுக்கே அதன் மீதுள்ள பளு. ஒவ்வொரு கட்டத்திலும் ஓர் எண். பெட்ரோலுக்கு ஓர் அட்டவணை, தீப்பொறி நேரத்திற்கு ஓர் அட்டவணை, டர்போ அழுத்தத்திற்கு மற்றொன்று எனப் பல உண்டு. இவ்வட்டவணையே "மேப்" எனப்படுகிறது. அதன் எண்களை மாற்றுவதே "ரீமேப்" அல்லது டியூனிங்.

3. எத்தனால் கலந்த பெட்ரோல்

நம் நாட்டில் 20 விழுக்காடு எத்தனால் கலந்த பெட்ரோல் 2023 பிப்ரவரியில் அறிமுகமாகி, 2025-இல் பொதுவழக்காயிற்று. எத்தனாலின் மூலக்கூற்றிலேயே பிராணவாயு இருப்பதால், அது எரிய 9 பங்கு காற்றே போதும். எனவே இக்கலப்பிற்குரிய விகிதம் 14.7 அன்று, ஏறக்குறைய 13.5 ஆகும். மேற்கூறிய எஞ்சினுக்குச் சென்னையில் இப்போது 21 மில்லிகிராம் தேவை, இன்ஜெக்டர் 8.4 மில்லி வினாடி திறக்கவேண்டும். அதாவது 9 விழுக்காடு கூடுதல்.

சீரான ஓட்டத்தில் லாம்டா உணரியின் சொற்படி கணிப்பொறி இதனைத் தானே ஈடுசெய்துகொள்ளும். இந்த ஈட்டின் அளவே "எரிபொருள் திருத்த விகிதம்" எனப்படும். முழு விசையிலோ பெரும்பாலான வண்டிகள் அட்டவணையை நம்பியே ஓடுகின்றன. ஆகவே, கலப்பற்ற பெட்ரோலுக்கோ, 98 ஆக்டேன் பெட்ரோலுக்கோ அயல்நாட்டில் எழுதப்பட்ட மேப் ஒன்றை இணையத்திலிருந்து இறக்கி அப்படியே ஏற்றுதல் பேராபத்து. கலவை மெலிந்தும் தீப்பொறி முந்தியும் போனால் நாக்கிங் எழும். பிஸ்டனின் தலை உருகும். மென்பொருள் நல்லதாயினும், உள்ளிருக்கும் எண் நம் எரிபொருளுக்கு உரியதன்றெனில் எஞ்சின் பிழைக்காது.

4. மென்பொருள்களின் ஐந்து வகைகள்

முதல் வகை, வாசிப்பு மென்பொருள். ஸ்டீயரிங்கின் கீழுள்ள 16 முனை ஓ.பி.டி. செருகியில் ஒரு சிறு கருவியைப் பொருத்தி, கைப்பேசியிலோ மடிக்கணினியிலோ எஞ்சின் வேகம், அழுத்தம், உஷ்ணநிலை, எரிபொருள் திருத்த விகிதம், பழுதுக் குறியீடுகள் ஆகியவற்றைக் காணலாம். பழுதுக் குறியீட்டை அழிப்பதைத் தவிர, இது பொதுவாக எதனையும் மாற்றுவதில்லை. பொதுப் பயனுக்கு இதுவே சிறந்தது.

இரண்டாம் வகை, மறுபதிவு மென்பொருள். தொழிற்சாலைக் கணிப்பொறியிலுள்ள கோப்பை வெளியே எடுத்து, எண்களை மாற்றித் திரும்பப் பதிக்கும். பட்டறைத் தொழிலர்கள் பயன்படுத்தும் வின்ஓஎல்எஸ், சுபாரு வண்டிகளுக்கான திறந்த மென்பொருளாகிய ரோம்ரெய்டர் ஆகியன இவ்வகையின.

மூன்றாம் வகை, இடைநிலைப் பெட்டி. தொழிற்சாலைக் கணிப்பொறியைத் தொடாமல், உணரிக்கும் கணிப்பொறிக்கும் இடையே நின்று செய்தியை மாற்றியனுப்பும். பெங்களூரின் ரேஸ் டைனமிக்ஸ் நிறுவனத்தின் பவர்ட்ரானிக் இவ்வகைக்கு ஓர் உள்நாட்டு உதாரணம். கழற்றிவிட்டால் வண்டி பழைய நிலைக்கு மீளும் என்பது இதன் நன்மை.

நான்காம் வகை, தனிநிலைக் கணிப்பொறி. தொழிற்சாலைக் கணிப்பொறியை நீக்கிவிட்டு வேறொன்றைப் பொருத்துதல். புரூஸ் பௌலிங், ஆல் கிரிப்போ ஆகிய இருவரும் 2001-இல் வெளியிட்ட மெகாஸ்குவர்ட், ஆர்டுயினோ மெகா பலகையின் மேல் இயங்கும் ஸ்பீடுவினோ, ரஸ்ஈஎஃப்ஐ முதலியன இவ்வகையின. மெகாஸ்குவர்ட்டுக்கும் ஸ்பீடுவினோவுக்கும் டியூனர்ஸ்டூடியோ என்ற மென்பொருளே பெரிதும் பயன்படுகிறது.

ஐந்தாம் வகை, போலி எஞ்சின். எஞ்சினே இல்லாமல், கிராங்க் சக்கரத்தின் துடிப்புகளைப் போலச் செய்து கணிப்பொறியை மேசைமேல் இயக்குவது. ஆர்டு-ஸ்டிம் இவ்வகையைச் சேர்ந்த திறந்த மென்பொருள். வகுப்பறைக்கு மிகவும் ஏற்றது.

5. தேர்ந்தெடுக்குமுன் கேட்கவேண்டிய வினாக்கள்

எதற்காக வேண்டும்? இதுவே முதல் வினா. வண்டி திணறுகிறது, மைலேஜ் குறைந்தது என்றால் வேண்டுவது திருத்தம் அன்று, சோதனையே. எரிபொருள் திருத்த விகிதம் நெடுநேரம் கூட்டல் 15 விழுக்காட்டில் நின்றால், எங்கோ காற்றுக் கசிகிறது, அல்லது பெட்ரோல் பம்பு தளர்ந்துள்ளது எனலாம். மேப்பை மாற்றி அதனை மறைத்தல், காய்ச்சல்காரனின் வெப்பமானியை உடைப்பது போன்றதே.

கணிப்பொறியின் எண் பொருந்துகிறதா? ஒரே பெயரும் ஒரே ஆண்டும் கொண்ட இரு வண்டிகளில் வேறு வேறு கணிப்பொறிகள் இருக்கலாம். வண்டியின் பெயரை மட்டும் கேட்டுக் கோப்பைத் தருபவரை நம்பலாகாது. கணிப்பொறியின் மேலுள்ள எண்ணையும், அதனுள் பதிந்துள்ள மென்பொருளின் எண்ணையும் கேட்பவரே தொழில் அறிந்தவர்.

மூலக் கோப்பு பத்திரமாக உள்ளதா? முதற்பணி, தொழிற்சாலைக் கோப்பை முழுமையாகப் படியெடுத்து, அதனை வண்டியின் உரிமையாளரிடம் தருவது. சில கருவிகள் கோப்பை வெளியே எடுக்கமாட்டா; பதிக்க மட்டுமே செய்யும். அத்தகையவற்றில் பழைய நிலைக்குத் திரும்பும் வழி யாது என முன்னரே கேட்டறிதல் வேண்டும்.

பதிவு இடையில் நின்றால் மீட்கமுடியுமா? மறுபதிவின் நடுவே பேட்டரி தளர்ந்தால் கணிப்பொறி செயலிழந்துவிடக்கூடும். நிலையான மின்னழுத்தம் தரும் சார்ஜரை இணைத்தல் இன்றியமையாதது. கோப்பின் கூட்டுத்தொகையைச் சரிபார்த்துத் திருத்தும் ஆற்றலும் மென்பொருளுக்கு வேண்டும். இல்லையேல் கணிப்பொறி கோப்பை ஏற்காமல் போகலாம்.

அளவீடுகளைப் பதிந்து வைக்கிறதா? மாற்றத்திற்கு முன்னும் பின்னும் கலவை, தீப்பொறி நேரம், நாக்கிங், உஷ்ணநிலை ஆகியவற்றை வரைபடமாகக் காட்டாத மென்பொருளால் திருத்துதல், கண்ணைக் கட்டிக்கொண்டு ஊசியில் நூல் கோப்பதற்கு ஒப்பாகும். அகல அளவு லாம்டா உணரியுடன் இணையும் வசதி இருப்பது மேல்.

அட்டவணை விளக்கம் நம்பத்தக்கதா? கணிப்பொறிக் கோப்பு என்பது பெயரற்ற எண்களின் குவியல். எது பெட்ரோல், எது தீப்பொறி என்று கூறுவது "விளக்கக் கோப்பு". அது பிழையாயின், பெட்ரோல் எண் என்று எண்ணி வேறொன்றை மாற்ற நேரிடும்.

உரிமம் எத்தகையது? சில மென்பொருள்கள் ஒரு வண்டிக்கே செல்லும். சில ஆண்டுக்கட்டணம் கேட்கும். மலிவாகக் கிடைக்கும் திருட்டுப் படிகளில் பிழையும் நச்சு நிரலும் ஒளிந்திருத்தல் கூடும்; பழுது நேர்ந்தால் கேட்பாரும் இல்லை.

6. சட்டமும் ஒரு பெரும் பாடமும்

1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, உற்பத்தியாளர் முதலில் குறித்த விவரங்களுக்கும் பதிவுச் சான்றிதழில் உள்ள விவரங்களுக்கும் முரண்பாடு ஏற்படுமாறு உரிமையாளர் வண்டியை மாற்றலாகாது என்கிறது. உச்ச நீதிமன்றம் 2019 ஜனவரியில், கேரளத்திலிருந்து வந்த ஒரு வழக்கில் இதனை உறுதிசெய்தது. 2019-இல் சேர்க்கப்பட்ட 182-அ பிரிவின்படி, அனுமதியற்ற மாற்றம் செய்யும் உரிமையாளருக்கு ஆறு மாதம் வரை சிறையோ, ஒவ்வொரு மாற்றத்திற்கும் 5,000 ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கப்படலாம். மாசு அளவை மீறும் வண்டிக்கு 190-ஆம் பிரிவு தனியே உள்ளது. உற்பத்தியாளரின் உத்தரவாதமும் காப்புறுதியும் பாதிக்கப்படக்கூடும் என்பதையும் மறத்தலாகாது.

மென்பொருளால் காற்று எவ்வளவு கெடக்கூடும் என்பதற்கு 2015-ஆம் ஆண்டு நிகழ்ச்சி சான்று. வோக்ஸ்வாகன் நிறுவனத்தின் டீசல் கார்களின் கணிப்பொறி, தான் சோதனைக்கூடத்தில் ஓடுவதை உணர்ந்து அப்போது மட்டும் புகையைச் சுத்தம் செய்தது என்றும், சாலையில் நைட்ரஜன் ஆக்சைடுகளை அனுமதித்த அளவைப்போல் 40 மடங்கு வரை வெளியிட்டது என்றும் அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை அவ்வாண்டு செப்டம்பர் 18-இல் அறிவித்தது. இந்தியாவில் புனேயிலுள்ள இந்திய மோட்டார் வாகன ஆராய்ச்சிச் சங்கம் சோதனை நடத்தியது. 3,23,700 வண்டிகளைத் திரும்ப அழைப்பதாக அந்நிறுவனம் அறிவித்தது. 2019 மார்ச்சில் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 500 கோடி ரூபாய் விதித்தது. இவ்வளவும் எஞ்சினில் ஓர் ஆணியும் மாறாமல், எண்களின் மாற்றத்தால் மட்டுமே விளைந்தவை.

7. வெளிக்களப் பணியாளர்க்கு ஓர் எச்சரிக்கை

பாரத் ஸ்டேஜ் 6 டீசல் ஜீப்புகளில் புகைக்கரியைத் தேக்கி வைக்கும் வடிகட்டி உண்டு. தேங்கிய கரி, ஏறக்குறைய 600 டிகிரி உஷ்ணத்தில் எரிந்து அகலவேண்டும். ஊருக்குள்ளும் மலைச்சரிவிலும் சிறு தொலைவுகளே மெல்ல ஓடும் வண்டியில் இவ்வுஷ்ணம் எழாமல், வடிகட்டி அடைத்துக்கொண்டு விளக்கு எரியும். அப்போது, "வடிகட்டியைக் கழற்றிவிட்டு, மென்பொருளில் விளக்கை அணைத்துவிடலாம்" என்ற யோசனை கூறப்படும். செலவு குறைவு, வேலை விரைவு. ஆகவே மனம் இசையும்.

இதற்கு இணங்கலாகாது. பாரத் ஸ்டேஜ் 4-இல் டீசல் காருக்கு ஒரு கிலோமீட்டருக்கு 25 மில்லிகிராம் கரித்துகள் அனுமதிக்கப்பட்டது. பாரத் ஸ்டேஜ் 6-இல் அது 4.5 மில்லிகிராம். ஏறக்குறைய ஐந்தரை மடங்கு குறைந்த இந்த அளவு வடிகட்டியாலேயே கிட்டியது. அதனைக் கழற்றிய ஜீப், நாம் சுகாதாரமும் வேளாண்மையும் கற்பிக்கச் செல்லும் பள்ளி வாயிலிலேயே கரியைக் கொட்டும். முறையான மாற்று எளியது: விளக்கு எரிந்தவுடன் கையேடு கூறும் முறைப்படி, திறந்த நெடுஞ்சாலையில் 20 அல்லது 30 நிமிடம் சீரான வேகத்தில் ஓட்டுதல், அதனாலும் தீராவிடில் அங்கீகாரம் பெற்ற பணிமனையில் வடிகட்டியைச் சுத்திகரித்தல். மேல்கோட்டை போன்ற மலையூர்களில் பணிபுரிவோர், வாரம் ஒரு முறையேனும் சமவெளிச் சாலையில் வண்டியை நன்கு ஓடவிட்டால் இத்தொல்லை பெரிதும் குறையும்.

8. எங்கே திருத்தம் முறையானது?

பந்தயக் களமே அதற்குரிய இடம். சென்னையை அடுத்த இருங்காட்டுக்கோட்டையிலுள்ள பந்தயப் பாதையும், கோயம்புத்தூரின் கரி மோட்டார் ஸ்பீடுவேயும் நாடறிந்தவை. கரி களத்தில் நடைபெறும் ஃபார்முலா பாரத் போட்டிக்குப் பொறியியல் மாணவர்கள் தாமே வண்டி கட்டி, தாமே கணிப்பொறியைத் திருத்துகின்றனர். இத்துறையில் ஆர்வமுள்ள மாணவனை ஊர்ச் சாலையிலிருந்து இக்களங்களுக்குத் திருப்பிவிடுதல் ஆசிரியரின் கடமை.

9. ஆசிரியர்களுக்கு ஒரு செய்முறை

தேவையானவை: அழுத்த உணரி உள்ள ஒரு வண்டி, வாசிப்புக் கருவி, கைப்பேசி.

செய்முறை: வண்டியை நிறுத்தி, எஞ்சினை இயக்காமல் சாவியை மட்டும் திருப்புக. அப்போது உள்ளிழுப்புக் குழாயின் அழுத்தம் வெளிக்காற்றின் அழுத்தமே ஆகும். மைசூரில் (ஏறக்குறைய 770 மீட்டர் உயரம்) 92 கிலோபாஸ்கலை ஒட்டியும், மேல்கோட்டையில் 90-ஐ ஒட்டியும் எண் தோன்றும். வானிலையால் சிறு வேறுபாடு வரலாம். சென்னையில் எடுத்த அளவுடன் ஒப்பிட்டு, உயரத்திற்கும் அழுத்தத்திற்கும் உள்ள தொடர்பை வரைபடமாக வரையச் செய்க. ஓடும் வண்டியில் ஓட்டுநர் கைப்பேசியைப் பார்க்கக் கூடாது. உடன் செல்பவரே குறித்துக்கொள்ளவேண்டும்.

தொகுப்புரை

சாலையில் ஓடும் சொந்த வண்டிக்கும் அலுவலக வண்டிக்கும் வாசிப்பு மென்பொருளே போதும். கற்பதற்கும் கற்பிப்பதற்கும் மேசைமேல் இயங்கும் திறந்த மென்பொருளும் போலி எஞ்சினும் உகந்தவை. பந்தயக் களத்திற்கு மறுபதிவோ தனிநிலைக் கணிப்பொறியோ, அளவீட்டுடனும் மூலக் கோப்பின் படியுடனும் கையாளத்தக்கவை. எச்சரிக்கை விளக்கை அணைப்பதனையே தன் சிறப்பாகக் கூறும் மென்பொருள் எவருக்கும் வேண்டாதது.

பயிற்சி வினாக்கள்

1. மேற்கூறிய எஞ்சின் உதகமண்டலத்தில் (உயரம் 2,240 மீட்டர், அழுத்தம் ஏறக்குறைய 77 கிலோபாஸ்கல்) அதே உஷ்ணநிலையில் ஓடினால், கலப்பற்ற பெட்ரோலுக்கு இன்ஜெக்டர் எவ்வளவு நேரம் திறக்கவேண்டும்? (விடை: ஏறக்குறைய 5.9 மில்லி வினாடி.)

2. கார்புரேட்டர் வண்டி மலைமேல் கரும்புகை விடுவதேன்? கணிப்பொறி வண்டி அவ்வாறு விடாததேன்?

3. எரிபொருள் திருத்த விகிதம் நெடுநேரம் உயர்ந்தே நிற்கும் வண்டியை ரீமேப் செய்வது ஏன் தவறு?

4. உமது அலுவலக ஜீப்பின் கரி வடிகட்டி விளக்கு எரிகிறது. முதலில் செய்யவேண்டுவது யாது? செய்யலாகாதது யாது?